பழைய காருக்கு பிரேக் பேடு: எவ்வளவு ஆகும், எதற்கு ஆகும் (கேள்வி பதில்)

கோவையில் 26 வருஷமாகச் சின்ன ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். என்னிடம் வருவது பெரும்பாலும் 10 வருஷம் தாண்டிய சின்ன கார்கள்தான். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு டிஸ்க், அதை இரு பக்கமும் கவ்விப் பிடிப்பது பேடு, பேடைத் தாங்கி அழுத்தும் பிடி காலிப்பர். கீழே சொல்லும் விலை எல்லாம் என் கடை விலை. உங்கள் ஊரில் நூறு இருநூறு கூடக் குறைய இருக்கும். இன்று கடை லீவு, கேளுங்கள்.

சான்ட்ரோ 2006, ஈரோடு: முன் பேடு மாற்ற சர்வீஸ் சென்டரில் 6,800 எஸ்டிமேட் கொடுத்தார்கள். வீட்டுப் பக்கத்து மெக்கானிக் 1,500 போதும் என்கிறார். யாருங்கண்ணா ஏமாத்தறது?

இரண்டு பேருமே ஏமாற்றாமல் இருக்கலாம். எஸ்டிமேட் தாளை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். பேடு 1,900, டிஸ்க் இரண்டுக்கு 3,000, பிரேக் ஆயில் 400, கிளீனிங் 500, கூலி 1,000. இப்படி ஏதாவது இருக்கும், கூட்டினால் 6,800. உங்கள் மெக்கானிக் பேடையும் கூலியையும் மட்டும் சொல்லியிருப்பார். என் கடையில் நல்ல கம்பெனி பேடு 1,100, காலிப்பர் ரப்பர் கிட் 250, கூலி 500, ஆக 1,850. ஆயிலும் மாற்றினால் இன்னொரு 350.

ஆக, கேள்வி பேடைப் பற்றியதே இல்லை. டிஸ்க் மாற்ற வேண்டுமா, வேண்டாமா? சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க் மேல் நகத்தை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் கோடு விழுந்திருக்கிறது. குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள், துருவைத் தேய்த்தால் தெரியும். வெர்னியர் வைத்து அளந்து அதைவிடக் கனம் தாராளமாக இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் சீவிக்கொள்ளலாம், ஒரு டிஸ்க்குக்கு 250. கனம் இல்லையென்றால் மாற்றித்தான் ஆக வேண்டும், அப்போது அந்த 6,800 நியாயமான தொகை. அளக்காமலே மாற்றச் சொல்கிறவரையும் நம்பாதீர்கள், அளக்காமலே வேண்டாம் என்பவரையும் நம்பாதீர்கள்.

கழற்றிய பழைய பேடைக் கையில் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது உங்கள் பொருள்.

ஆல்டோ 2011, திருப்பூர்: இடது பக்கம் மட்டும் தேய்ந்து போச்சு. அந்தப் பக்கம் மட்டும் மாத்தினா பாதி செலவு மிச்சம்தானே?

பேடு நான்கும் ஒரே செட்டாகத்தான் வரும். தனியாகக் கிடைத்தாலும் வேண்டாம், பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதை விடுங்கள், ஒரு பக்கம் மட்டும் ஏன் தேய்ந்தது?

போன வாரம் வந்த ஒரு ஆல்டோவைச் சொல்கிறேன். இடது பக்கம் வெளிப் பேடு பாதிக்கு மேல் இருக்கிறது. உள் பேடைப் பார்த்தால் லைனிங் (பேடில் தேயும் பகுதி) காகிதக் கனம், ஒரு மூலையில் இரும்பே தெரிகிறது. காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு ஸ்லைடு பின் உண்டு. அதில் ஒன்றைக் கையால் உருவ முடியவில்லை. குறடு போட்டுத் திருகி எடுத்தேன். ரப்பர் கிழிந்து, தண்ணீர் போய், கிரீஸ் காய்ந்து, பின் முழுக்கக் கருப்பட்டிப் பாகு ஒட்டியது போலத் துரு. பின் நகரவில்லை என்றால் காலிப்பரும் நகராது, பேடைத் தள்ளும் பிஸ்டன் இருக்கும் பக்கத்துப் பேடு மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். பின்னை உப்புத்தாளில் தேய்த்து, புது ரப்பர் போட்டு, பிரேக்குக்கு உள்ள சிலிக்கான் கிரீஸ் தடவினால் வேலை முடிந்தது, 250 ரூபாய். இதைச் செய்யாமல் பேடை மட்டும் மாற்றியிருந்தால் ஆறே மாதத்தில் அதே செலவு மறுபடியும். சாதாரண வீல் கிரீஸைத் தடவிவிடாதீர்கள், ரப்பர் ஊதிவிடும்.

வேகன் ஆர் 2008, சேலம்: என் வண்டிக்கு பேடு மாத்த எவ்வளவு ஆகும்?

மேலே சான்ட்ரோவுக்குச் சொன்னதுதான், நூறு இருநூறு முன்பின்.

இண்டிகா 2007, கரூர்: ஜி.எஸ்.டி. குறைந்தது என்கிறார்கள். பேடு விலை குறைந்ததா?

2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதம் 18 ஆனது உண்மை. வரி இல்லாமல் 1,000 என்றால் முன்பு 1,280, இப்போது 1,180. பழைய விலை ஒட்டிய டப்பா என்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். வரி குறைந்தது என்று பில் இல்லாத டூப்ளிகேட்டுக்குப் போகாதவரை சந்தோஷம். சென்னை அம்பத்தூரில் ராணே இருக்கிறது, பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் இருக்கிறது. நம் ஊரிலேயே பேடும் லைனிங்கும் தயாராகும்போது, டப்பாவில் எழுத்துப் பிழையோடு வருவதை எதற்கு வாங்குகிறீர்கள்?

அம்பாசடர் 1989, மதுரை: முன் பேடு எங்கே கிடைக்கும் சார்?

உங்கள் வண்டிக்கு நான்கு பக்கமும் டிஸ்க் இல்லாமல் டிரம்மாகத்தான் இருக்கும், அதில் பேடு கிடையாது, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூ. ரிவெட் அடித்துப் புது லைனிங் போடலாம். என் கை பழக்கம் இல்லாத வேலை, பழைய டாக்ஸி ஸ்டாண்டில் விசாரியுங்கள்.

ஜென் 2004, திண்டுக்கல்: மழை பெய்த மறுநாள் காலையில் முதல் பிரேக்குக்கு கர்ர் என்கிறது.

டிஸ்க்கில் லேசாகத் துரு. நாலைந்து பிரேக்கில் போய்விடும், செலவு பூஜ்யம். நாள் முழுக்கக் கீச்சென்று கத்தினால்தான் பேடு முடிகிறது என்று அர்த்தம். அதற்கென்றே சில பேடுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். கத்தல் நின்று அரைக்கிற சத்தம் வந்த பிறகு வந்தார். இரண்டு டிஸ்க்கும் போச்சு.

ஆல்டோ 2009, நாமக்கல்: வீடியோ பார்த்து நானே மாத்தலாம்னு இருக்கேன். கூலி 500 மிச்சம்.

செய்யலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை விடாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். காலிப்பரை ஓஸில் தொங்க விடாதீர்கள், கம்பியால் மேலே கட்டுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் டப்பா நிரம்பி வழியும், பெயின்ட்டில் பட்டால் உரியும். தூசியைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ எடுக்காதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

முக்கியமானது: வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். பிஸ்டன் உள்ளே போயிருக்கும், முதல் மிதிக்குப் பிரேக்கே இருக்காது. வீட்டுச் சுவரில் மோதிய வண்டிகளை டிங்கரிங்குக்கு அனுப்பியிருக்கிறேன்.

மாருதி 800, 1998, பொள்ளாச்சி: நான் மாதம் இரண்டு முறை வால்பாறை போய் வருகிறேன். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம். ஆனால் பேடு 15,000 கிலோமீட்டர் கூட வருவதில்லை. எந்த கம்பெனி பேடு போடலாம்?

எந்தக் கம்பெனி பேடும் வேண்டாம், முதலில் கியரைப் போடுங்கள். 40 கொண்டை ஊசி வளைவை நியூட்ரலில் இறங்குகிறவருக்குத் தங்கத்தில் பேடு செய்து போட்டாலும் நிற்காது.

மறுபடியும் அவரே: இன்ஜின் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டர் வேலை செய்யும். 20 வருஷமாக இப்படித்தான் இறங்குகிறேன்.

பூஸ்டர் வேலை செய்யும், ஒத்துக்கொள்கிறேன். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிற புண்ணியவான்கள் உண்டு, இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும். நீங்கள் அந்த ரகம் இல்லை. ஆனால் சூடு எங்கே போகும்? என் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான், கணக்குப் போட்டுக் கொடுத்தான். ஆளும் சாமானும் சேர்த்து 1,000 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், அந்தச் சக்தி கிட்டத்தட்ட 30 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கியரில் இருந்தால் இன்ஜினும் ஒரு பங்கு வாங்கும். நியூட்ரலில் மிச்சம் மொத்தமும் பிரேக் தலையில்.

ஸ்விஃப்ட் 2012, உடுமலை: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கியரில் இறங்கினால் ஆர்.பி.எம். ஏறுகிறதே, பெட்ரோல் அதிகம் குடிக்காதா?

உங்கள் வண்டி இன்ஜெக்‌ஷன். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று செலவு செய்கிறீர்கள்.

மாருதி 800 மறுபடியும்: என்னுடையது கார்புரேட்டர் வண்டி. இன்ஜெக்‌ஷன் கதை எனக்குப் பொருந்தாது.

சரி, இந்த இடத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். கார்புரேட்டரில் அந்த வசதி இல்லை, நியூட்ரலில் கொஞ்சம் மிச்சமாகலாம். ஒரு இறக்கத்துக்கு எவ்வளவு என்று வைப்போம், 30 ரூபாய்? மாதம் இரண்டு தடவை, வருஷத்துக்கு 720. பேடு உங்களுக்கு 600, கூலி 400. சம்பாதித்ததை என்னிடம்தான் கொண்டுவந்து கொடுக்கிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கடைசியாக பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள்? அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்தத் தாங்கும் அளவு 140 வரை இறங்கிவிடும். கொதித்தால் லைனில் ஆவிக்குமிழி. மிதித்தால் குமிழிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. 20 வருஷமாக ஒன்றும் ஆகவில்லை என்றால் ஆயில் உங்கள்மேல் இரக்கம் காட்டியிருக்கிறது.

டாக்ஸி ஓட்டுநர், கூடலூர்: அண்ணே சொல்வது சரி. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், எங்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது. ஊட்டிப் பக்கம் கல்லட்டி மலைப்பாதையில் 36 வளைவு. பிரேக் கருகும் வாசனையோடு நிற்கும் வெளியூர் வண்டியைப் பார்க்காத வாரம் இல்லை.

அந்த வாசனை வந்தவர்கள் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள்.

மாருதி 800: இரண்டாவது கியரா மூன்றாவதா?

அப்படி வாருங்கள் வழிக்கு. வளைவில் இரண்டு, நேரில் மூன்று. ஆயிலை மாற்றிவிட்டுப் போங்கள்.

சான்ட்ரோ 2009, தர்மபுரி: பேடு மாத்த எவ்வளவு ஆகும்?

இதே சான்ட்ரோவுக்கு முதல் பதிலே எழுதியிருக்கிறேன் தம்பி.

பைக், விழுப்புரம்: 150 சிசி பைக்குக்கு டிஸ்க் பேடு?

பைக் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

ஜெர்மன் கார் 2010, கோவை: பின் பேடு மாற்ற 14,000 கேட்கிறார்கள். கை பிரேக் பட்டனில் வேலை செய்யும்.

அந்த வண்டியின் பின் சக்கரத்துப் பிஸ்டனைக் கையால் தள்ளக் கூடாது, ஸ்கேனர் போட்டு மோட்டாரைப் பின்வாங்க வைத்துத்தான் கழற்ற வேண்டும். என்னிடம் அந்த ஸ்கேனர் இல்லை. இருக்கிறவரிடம் போங்கள்.

இண்டிகா 2005, திருச்சி: வண்டியை விற்றால் 60,000 கூட வராது. பிரேக்குக்கு 7,000 செலவு செய்வது வீண் இல்லையா?

வண்டி 60,000 என்பதற்காக லாரி மெதுவாக மோதுமா சார்? ஆனால் 7,000 ஒரே நாளில் தேவையில்லை. முன் பேடு, ஸ்லைடு பின், ஆயில் முதலில். பின் சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரைத் திறந்து பாருங்கள், ஆயில் கசிந்து ஷூ நனைந்திருந்தால் அதுவும் உடனே. டிரம் சீவுவது, கை பிரேக் கேபிள் அடுத்த மாதம்.

எஸ்டீம் 2003, கும்பகோணம்: பேடு மாத்த எவ்வளவு...

முதல் பதில்.

ஆல்டோ 2009, நாமக்கல் மறுபடியும்: அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி மாத்திட்டேன். பெடல் தரை வரைக்கும் போகுது! மிதிச்சுப் பார்த்தேன், கெட்டியாகலை.

எத்தனை முறை மிதித்தீர்கள்? ஒன்றிரண்டு போதாது, இருபது முப்பது ஆகும். அதற்கும் எழவில்லை என்றால் பிரேக் லைனில் ஏர் ஏறியிருக்கும். இடையில் காலிப்பரில் ஏர் எடுக்கும் பிளீடர் நட்டைத் திறந்தீர்களா? திறந்திருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லி ஏர் எடுங்கள், 300 கேட்பார். போனைக் கீழே வைத்துவிட்டு முதலில் ஆயில் டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.