மாற்றிய ஜன்னலின் அடியில் சுவர் ஊறுகிறதா?

கேள்வி: குளச்சலில் கடலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பழைய தேக்கு ஜன்னல்களை எடுத்துவிட்டு யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஸ்லைடிங் ஜன்னல் வைத்தோம். ஆனி மழையில் மேற்குப் பக்க ஜன்னல்களுக்குக் கீழே உள்சுவர் ஊறி பெயிண்ட் கொப்பளிக்கிறது. வெளியே சுற்றிலும் சிலிக்கான் அடித்தால் போதும் என்கிறார் கொத்தனார். சரிதானா?

பதில்: சரியில்லை. சட்டத்தின் அடிப்பக்கத்தையும் சேர்த்து அடைத்தால், உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியின்றி சுவருக்குள்தான் இறங்கும்.

ஸ்லைடிங் ஜன்னலின் டிராக்கில் மழைத் தண்ணீர் விழுவது குறையல்ல. அது வடிவதற்காகவே கீழ்ச் சட்டத்தின் வெளிமுகத்தில் சிறு நீள்துளைகள் இருக்கும். முதலில் அவற்றைப் பாருங்கள். பூச்சு வேலையின்போது சிமெண்ட் பால் புகுந்து இறுகியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். மெல்லிய கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, டிராக்கில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். உடனே வெளியே வழிய வேண்டும்.

அது சரியாக இருந்தும் ஊறினால் ஹோஸ் பைப்பால் சோதியுங்கள். முதலில் ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவர், அடுத்து சட்டத்தின் அடி, பிறகு பக்கங்கள், கடைசியில் மேல்பக்கம். ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரம் நனைத்து, உள்ளே ஒருவரை நிற்க வையுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்து, எங்கே ஓட்டை என்று தெரியாமல் போகும்.

அடியில்தான் கசிவு என்றால் பூசி மழுப்பாமல் ஜன்னலைக் கழற்றுவதே நல்லது. கண்ணாடியை எடுத்து, திருகாணிகளைக் கழற்றினால் சட்டம் வந்துவிடும். திறப்பின் அடித்தளத்தை வெளிப்பக்கம் சரிவாகப் பூசி, உள்விளிம்பில் சிறு வரம்பு எழுப்புங்கள். நன்றாக உலர்ந்தபின், தண்ணீர் புகாத பசை நாடாவான பியூட்டைல் டேப்பை முதலில் அடியில் ஒட்டி, இரு மூலைகளிலும் அரையடி மேலேற்றுங்கள். அடுத்து பக்கங்கள், கடைசியாக மேல்பக்கம். ஓடு வேய்வதுபோல, மேலே உள்ளது கீழே உள்ளதன்மேல் படிய வேண்டும். வெளிப்படிக்குக் கிரானைட் வைத்தால், அது சுவரைத் தாண்டி இரண்டு அங்குலம் நீளட்டும். அதன் அடியில் நீளவாக்கில் ஒரு காடி (சிறு பள்ளம்) வெட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் தண்ணீர் கல்லின் அடியைப் பற்றிக்கொண்டு சுவருக்கே திரும்பும்.

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே வெள்ளைச் சிமெண்ட் வேண்டாம். யுபிவிசி வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். சிமெண்ட் விரிசல் விடும். பக்கங்களிலும் மேலேயும் ஃபோம் கயிறு செருகி, அதன்மேல் நியூட்ரல் சிலிக்கான் இழுங்கள். வினிகர் வாடை அடிக்கும் மலிவு வகை சிமெண்டில் சரியாக ஒட்டாது, இரும்பையும் அரிக்கும். திருகாணி 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். குளச்சல் உப்புக் காற்றுக்கு வழக்கமான 304 ரகம் கூட நாளடைவில் துருக்கறை பிடிக்கும்.

சன்ஷேடு இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்தபோது மழை நேராகவா விழுந்தது? காற்றோடு வரும் மழை கிடைமட்டமாகவே வரும். மேற்கில் இன்னும் மாற்றாத ஜன்னல் இருந்தால், ரப்பர் கேஸ்கெட் மேல் இறுகி மூடும் கதவு வகையை வாங்குங்கள்.

நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு என்பதால், மாசி, பங்குனியில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஈரச் சுவரில் டேப் ஒட்டாது. உள்பக்கப் பெயிண்டுக்கு அவசரப்பட வேண்டாம். கொப்பளித்ததைச் சுரண்டிவிட்டு, சுவர் முழுக்க உலரட்டும்.