அம்மாவுக்கு லேப்ரடார் குட்டி வேண்டாங்க

பாலக்கோட்டில் தனியா இருக்கிற 72 வயசு அம்மா, முழங்கால் வலி வேற, துணைக்கு லேப்ரடார் குட்டி வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வளர்ந்தா 30 கிலோ வரும். பூனையைப் பார்த்து ஒரு இழு இழுத்தா அம்மா தரையில்தான். குட்டின்னாலே, எந்த இனமானாலும், ராத்திரியில் எழுந்து வெளியே விடணும். பல் மாறுற மாசங்களில் சேலை முந்தானை தப்பாது. சிப்பிப்பாறை வேட்டை நாய்க்கு ஓட இடம் வேணும், அதுவும் சரிவராது.

மூணு நாலு வயசான, கருத்தடை செஞ்ச நாட்டுப் பெண் நாய், 15 கிலோவுக்குள்ள பாருங்க. எடுக்கும் முன்னாடி கயிற்றை அம்மா கையிலேயே கொடுத்து பத்து நிமிஷம் நடக்க விடுங்க. ஒரு எவர்சில்வர் தட்டைச் சத்தமா கீழே போடுங்க. திடுக்கிட்டுட்டு உடனே மோந்து பார்க்க வந்தா நல்ல நாய். உறுமினாலோ, மூலையில் ஒடுங்கி வெளியே வராம கிடந்தாலோ விட்டுடுங்க. ஆளைப் பார்த்ததும் மேல தாவுறதும் வேண்டாம்.

கழுத்துப் பட்டையில் சின்ன மணி கட்டுங்க. காலடியில் வந்து படுத்தது தெரியாம தடுக்கி விழுறதுதான் நிஜமான ஆபத்து, கடி இல்லை. வெறிநாய் ஊசியை அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு வருஷா வருஷம் போட்டுடுங்க. அம்மா ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தா நாய்க்கு யார் சோறு வைப்பாங்கன்னு பக்கத்து வீட்டில் இப்பவே பேசி வைங்க.