கேட்ஸ்பி கதையில யார் மேல கோவப்படணும்?

கேள்வி: அக்கா, இப்பத்தான் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதின 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலை முடிச்சேன். கேட்ஸ்பி காதலிச்ச அந்த டெய்சி மேல அவ்வளவு ஆத்திரம் வருது. அஞ்சு வருஷமா இவளையே நினைச்சுட்டு, இவ வீட்டுக்கு எதிர்க்கரையிலயே பங்களா வாங்கினவன் செத்துக் கிடக்கான், ஒரு பூ கூட அனுப்பாம புருஷனோட கிளம்பிப் போயிட்டாளே! உங்களால இவளை மன்னிக்க முடியுதா?

பதில்: அந்த இடத்துல என்னாலயும் முடியல மா. கார் ஓட்டினது அவ, புருஷன் டாமோட கள்ளக்காதலி மிர்ட்டில் மேல மோதினது அவ, பழியை கேட்ஸ்பி தலையில கட்டிட்டு வாயே திறக்கல, இதுக்கு நான் எந்த சமாதானமும் சொல்ல மாட்டேன். ஆனா கதை முழுக்க அவளை வில்லியாவே பாத்துட்டு வர்றவங்க நாலாவது அத்தியாயத்தை இன்னொரு தடவை படிக்கணும். 1919 ஜூன், லூயிவில் ஊர், விடிஞ்சா கல்யாணம். டாம் 3,50,000 டாலர் மதிப்புள்ள முத்து மாலை குடுத்திருக்கான். இவ என்னடான்னா ஒரு கையில ஒயின் பாட்டில், இன்னொரு கையில ஒரு லெட்டர், முத்து மாலையை குப்பைக்கூடையில போட்டுட்டு, இதைக் கொண்டு போய் குடுத்துடுங்க, டெய்சி மனசு மாறிட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுங்கன்னு அழறா. குளிக்கிற தொட்டியில உக்கார வைக்கிறாங்க, அப்பவும் லெட்டரை விடல, தண்ணியில ஊறி பிஞ்சு பிஞ்சு வர்ற வரைக்கும் கையில பொத்தி வச்சிருக்கா. யார் எழுதின லெட்டர்னு நாவல்ல சொல்லவே இல்ல, கேட்ஸ்பியோடதுன்னு நாமளே புரிஞ்சுக்கறோம். அப்புறம் தலையில ஐஸ் வச்சு, டிரெஸ்ஸை மாட்டிவிட்டு, அரை மணி நேரத்துல கழுத்துல அதே மாலையோட வெளிய கூட்டிட்டு வந்துடறாங்க. என்னம்மா ஆச்சு, உனக்கு என்ன வேணும்னு அவகிட்ட ஒருத்தர் உக்காந்து கேட்டதா அந்த பக்கத்துல ஒரு வரி இல்ல. இருபது வயசை ஒட்டின பொண்ணு அவ!

இன்னொண்ணு, பிளாசா ஹோட்டல் சீன்ல, டாமை நான் ஒருநாளும் காதலிக்கலன்னு சொல்லுன்னு கேட்ஸ்பி அவளைப் போட்டு நெருக்கறான். அவளும் சொல்லிப் பாக்கறா, கடைசியில முடியாம, ஒரு காலத்துல அவரையும் காதலிச்சேன், உன்னையும் காதலிச்சேன்னு உடைஞ்சு போறா. நிறைய பேருக்கு இதுதான் துரோகமா படுது, எனக்கு அப்படி இல்ல, டெய்சி தன் மனசுல இருக்கிறதை அப்படியே பேசின இடம் அதுதான். நடந்த அஞ்சு வருஷத்தை, அதுல பொறந்த குழந்தையை, இல்லவே இல்லன்னு அழிச்சுடுன்னு கேட்டா எந்த பொம்பளையால முடியும்? கேட்ஸ்பியை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா இந்த விஷயத்துல அவன் கேட்டது தப்பு.

கேள்வி: கதையைச் சொல்ற நிக்கை நம்பலாமா? தனக்குத் தெரிஞ்ச சில நேர்மையான ஆளுங்கள்ல தானும் ஒருத்தன்னு அவனே சர்டிபிகேட் குடுத்துக்கறானே.

பதில்: முழுசா நம்ப வேணாம் தம்பி. டாமோட கள்ளத்தொடர்பு தெரியும், வாயைத் திறக்கல. டெய்சிக்கும் கேட்ஸ்பிக்கும் தன் வீட்லயே டீக்கு ஏற்பாடு பண்ணிக் குடுக்கறான். கார் ஓட்டினது யாருன்னு தெரிஞ்சும் கடைசி வரைக்கும் டாம்கிட்ட சொல்லல. ஆனா கேட்ஸ்பி செத்தப்புறம் கூட்டாளிகள்ல கடைசி வரைக்கும் கூட நின்னது அவன் ஒருத்தன்தான், அதுக்காகவே எனக்கு அவன் மேல மரியாதை. வாரா வாரம் கேட்ஸ்பி வீட்டு பார்ட்டியில குடிச்சு ஆடின கூட்டத்துல, அடக்கத்துக்கு வந்த பெரிய கண்ணாடிக்காரர் ஒருத்தரைத் தவிர யாரும் எட்டிப் பாக்கல, அந்த வீட்லயே தங்கி சாப்பிட்டுட்டு இருந்த கிளிப்ஸ்பிரிங்கர் போன் பண்ணி, என் டென்னிஸ் ஷூவை அனுப்பி வைங்கன்னு கேக்கறான், படிக்கும்போது நிக்குக்கு முன்னாடி நானே போனை வச்சிருப்பேன்.

கேள்வி: உங்களை அழ வச்ச கேரக்டர் யாரு?

பதில்: கேட்ஸ்பியோட அப்பா ஹென்றி கேட்ஸ். சிகாகோ பேப்பர்ல பையன் செத்த செய்தியைப் பாத்துட்டு மினசோட்டாவுலேர்ந்து கிளம்பி வர்றாரு பாருங்க, அங்க ஆரம்பிச்சு எனக்கு தாங்காது. பையன் சின்ன வயசுல ஒரு கதைப் புத்தகத்தோட கடைசித் தாள்ல எழுதி வச்ச டைம்டேபிளை எடுத்து நிக்குக்கு படிச்சுக் காட்டறாரு. காலையில 6 மணிக்கு எழுந்திரிக்கணும், டம்பெல் எக்சர்சைஸ், கரண்ட் பத்தி படிக்கணும், வாரம் 5 டாலர் சேக்கணும்னு எழுதி அதை அடிச்சுட்டு 3 டாலர். அந்த அடிச்சு எழுதினது ஒண்ணு போதும், அந்தப் பையன் கற்பனையில மிதக்கறவன் மட்டும் இல்ல, தன் கையில எவ்வளவு வரும்னு கணக்கு பாத்தவன்னு தெரிஞ்சு போகுது. கடைசி வரி, அப்பா அம்மாகிட்ட இன்னும் நல்லா நடந்துக்கணும்.

கேள்வி: டெய்சியோட சிநேகிதி ஜோர்டன் பேக்கர்?

பதில்: அழகா பொய் சொல்லுவா, கோல்ஃப் போட்டியில பந்தை நகர்த்தி வச்சான்னே ஒரு பேச்சு உண்டு. எனக்கு அவ மேல பெரிசா ஒட்டுதல் வரல.

கேள்வி: மிர்ட்டில் பத்தி யாரும் பேசறதே இல்லையே அக்கா? அவளும்தானே செத்துப் போனா?

பதில்: கேட்டீங்களே, சந்தோஷம். டெய்சி பேரை திரும்பத் திரும்ப சொன்னாங்கிற ஒரே காரணத்துக்கு டாம் அவ மூக்கை உடைக்கறான். அன்னைக்கு மத்தியானம் அந்த மஞ்சக் காரை டாம் ஓட்டிட்டு வந்ததை அவ பாத்திருக்கா, அதனாலதான் சாயந்திரம் அதே கார் வரும்போது ரோட்டுக்கு ஓடி வந்து அடிபட்டு சாகறா. அப்புறம் அவ புருஷன் வில்சன்கிட்ட கார் யாரோடதுன்னு சொல்லி கேட்ஸ்பி வீட்டுக்கு வழி காட்டினதும் டாம்தான், அதைப் பத்தி கேட்டா உண்மையைத்தான் சொன்னேன்னு நிக்கு முன்னாடி நெஞ்சை நிமித்திட்டு நிக்கறான். மிர்ட்டில், கேட்ஸ்பி, அவனைச் சுட்டுட்டு தன்னையும் சுட்டுக்கிட்ட வில்சன்னு மூணு உசுரு போயிருக்கு, டாமுக்கு ஒரு கீறல் கிடையாது. டெய்சியைத் திட்டறதுல பாதியை டாம் பக்கம் திருப்புங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.