சிமுலேட்டரில் எஞ்சின் நின்றுவிட்டால்: கிருஷ்ணகிரிக்கு மேல் நான் பழகிய விதம்

கேள்வி: ஃப்ளைட் சிமுலேட்டரில் செஸ்னா 172 என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானம் ஓட்டுகிறேன். வானத்தில் எஞ்சின் நின்றால் ஒவ்வொரு தடவையும் நொறுங்கிவிடுகிறது. பத்திரமாக இறக்குவது எப்படி?

எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி. எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில் ஓசூர் ஓடுதளத்திலிருந்து கிளம்பி சேலம் காமலாபுரத்தில் இறங்குவதுதான் என் வழக்கமான பயணம். ஆரம்பத்தில் நானும் உங்களைப் போலவே நொறுங்கினேன். எஞ்சின் நின்றதும் அதை மறுபடி கிளப்புவதிலேயே குறியாக இருப்பேன். அதற்குள் வேகம் செத்து விமானம் ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்துவிடும்.

முதலில் மூக்கை இறக்குங்கள். 172எஸ் மாடலுக்கு 68 நாட், அதாவது மணிக்குச் சுமார் 126 கிலோமீட்டர். அந்த வேகத்தில்தான் அதிக தூரம் மிதக்கும். டிரிம் (கையை எடுத்தாலும் மூக்கை அதே நிலையில் வைக்கும் சக்கரம்) வைத்து அதை நிலைநிறுத்திவிட்டு இறங்க இடம் தேடுங்கள். எஞ்சின் மூன்றாவதுதான்: ஃப்யூயல் செலக்டர் இரண்டு டேங்குக்கும், பம்ப் ஆன், மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவைக் குமிழ்) முழுக்க முன்னால், சாவியைத் திருப்பிப் பாருங்கள். கிளம்பவில்லையா, விட்டுவிடுங்கள்.

நான் ரொம்ப நாள் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. ஆல்டிமீட்டர் காட்டுவது கடல் மட்டத்திலிருந்து உயரம். கிருஷ்ணகிரித் தரையே ஏறக்குறைய 1,700 அடி. ஆல்டிமீட்டரில் 5,000 அடி இருந்தால் கையில் இருப்பது 3,300 அடிதான். ஆயிரம் அடிக்குச் சுமார் 2.7 கிலோமீட்டர் என்று வைத்தால் 9 கிலோமீட்டர் போகலாம், நான்கு நிமிடம் கிடைக்கும். ஓசூரும் எட்டாது, சேலமும் எட்டாது. ஓசூர்ப் பக்கம் தரையே 3,000 அடியை ஒட்டி இருப்பதால் அங்கே நிலைமை இன்னும் இறுக்கம். ஆடிக் காற்றை எதிர்த்து மிதந்தால் தூரம் மேலும் குறையும். 20 நாட் எதிர்க்காற்றில் கால் பங்குக்கு மேலேயே போய்விடும். ஆனால் தரை தொடும்போது அதே காற்று எதிரே இருக்க வேண்டும், அப்போதுதான் சீக்கிரம் நிற்கும்.

இடம் என்றதும் கண் நாலுவழிச் சாலைக்குத்தான் போகும். லாரி, மின்கம்பி, மேம்பாலம், நடுத்தடுப்பு எல்லாம் அங்கே இருக்கிறது; நான் அதை எடுப்பதில்லை. மாந்தோப்பு மேலிருந்து மெத்தை மாதிரி தெரியும், உள்ளே வரிசை வரிசையாக மரம். கே.ஆர்.பி. அணைக்குக் கீழே காவேரிப்பட்டணம் பக்கம் அறுவடை முடிந்த வயல் கிடைத்தால் அதுவே போதும். வரப்புக்கு இணையாக, நீளவாக்கில் இறக்குங்கள்.

வயல் கண்டிப்பாக எட்டும் என்று தெரிந்த பிறகே ஃபிளாப் (மெதுவாக இறங்க இறக்கையின் பின்பக்கம் மடங்கும் தட்டு). எட்டாது போலிருந்தால் மூக்கைத் தூக்கி இழுக்காதீர்கள், இன்னும் முன்னதாகவே விழும். ஃபிளாப் மின்சாரத்தில் ஓடுவதால் மாஸ்டர் சுவிட்சைக் கடைசியாக அணையுங்கள்.

இவ்வளவும் தெரிந்தும் தடுமாற வைப்பது திகைப்பு. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி எஞ்சின்கள் செயலிழந்து ஹட்சன் ஆற்றில் இறங்கிய ஏர்பஸ் நினைவிருக்கும். விசாரணையின்போது அதே நிலைமையைச் சிமுலேட்டரில் ஓட்டினார்கள். மோதியவுடனே திருப்பிய விமானிகளில் பலர், அந்த விமானம் கிளம்பிய லகார்டியா ஓடுதளத்தை எட்டினார்கள். 35 விநாடி கழித்துத் திருப்பியபோது எட்டவில்லை. யோசிக்க மனிதனுக்கு ஆகும் நேரம் அது. நாமே பட்டனை அழுத்தி எஞ்சினை நிறுத்திப் பழகினால் அந்த விநாடிகள் கணக்கிலேயே வராது.

அதனால் எக்ஸ்-பிளேனில் எஞ்சின் கோளாறு எப்போது வரும் என்று தெரியாதபடி வையுங்கள். என் வீட்டில் அந்தப் பொறுப்பு அக்கா மகனுடையது. "மாமா, எப்பன்னு சொல்லமாட்டேன்" என்றவன், முதல் நாளே ஓசூரில் சக்கரம் தரையை விட்டு 400 அடி ஏறியதும் அணைத்துவிட்டான். நான் ஓடுதளத்துக்கே திரும்ப முயன்றேன். பாதி வளைவில் ஸ்டால். இப்போது கிளம்பும் முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன்: "ஆல்டிமீட்டர் 4,000 அடி, அதாவது தரையிலிருந்து ஆயிரம் அடி, தாண்டும்வரை திரும்பக் கூடாது, நேரே முன்னால்தான்."