கோத்தகிரியில் 3 கிலோவாட் சோலார்: மானியம் ஏன் வரவில்லை?

நெட் மீட்டர் (வாங்கும் மின்சாரத்தையும் சோலாரிலிருந்து வெளியே போவதையும் கணக்கிடும் மீட்டர்) மாட்டியதும் 78,000 ரூபாய் மானியம் தானாகக் கணக்கில் ஏறாது. வீட்டுக்கூரை சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டத்தின் இணையதளத்தில் கமிஷனிங் ரிப்போர்ட் (சோலார் இயங்கத் தொடங்கியதற்கான அறிக்கை) வந்த பிறகு, நீங்களே வங்கி விவரம் கொடுத்து மானியம் கோர வேண்டும். கோத்தகிரியில் மூன்று மாதமாகக் காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இந்தப் படிதான் விடுபட்டிருக்கும். தளத்தின் உள்ளே போய் நிலவரம் பாருங்கள்.

அது சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் பேனல் மேல். உள்நாட்டுத் தொழில் வளரட்டும் என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: பேனல் மட்டுமல்ல, அதனுள் வெயிலை மின்சாரமாக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும். வெளிநாட்டு செல்லை இங்கே கோத்துக் கொடுத்தால் மானியம் கிடையாது. (நல்ல நிபந்தனைதான், ஆனால் விற்பவர்கள் எல்லாரும் விளக்குவதில்லை.) போட்டுக்கொடுத்தவரிடம் டி.சி.ஆர். சான்று (இந்த உள்நாட்டு நிபந்தனைக்கு உட்பட்ட பேனல் என்பதற்கான சான்று) கேட்டு, பேனல் வரிசை எண்களோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம், கோத்தகிரி மலைப்பகுதி; அக்டோபர், நவம்பர் மேகமூட்டத்தில் சமவெளியில் கிடைக்கும் அளவுக்கு மின்சார யூனிட் எதிர்பார்க்காதீர்கள்.