போயெம் சிகிச்சை: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

விழுங்குவதில் வரும் சிக்கல்கள் பற்றிக் கேளுங்கள் என்றேன். பலர் கேட்டது, போயெம் சிகிச்சையை டாக்டர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைத்தான். கோலாலம்பூரில் இதைக் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கிள்ளானிலிருந்து ஒரு மகள்: டாக்டர், அம்மா மூன்று வருடம் கேஸ்ட்ரிக் மாத்திரை சாப்பிட்டார். இப்போது அக்கலேசியா, போயெம் செய்யலாம் என்கிறார்கள். அது என்ன?

உணவுக்குழாயின் அடியில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது அது தளர வேண்டும். அக்கலேசியாவில் அதைத் தளர்த்தும் நரம்பு செல்கள் அழிந்துவிடுகின்றன. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கே புதிதாக வருவதால், கேஸ்ட்ரிக் என்று நினைத்துவிடுவது நடக்கிறது. தோசை மட்டுமல்ல, தண்ணீரும் சிக்கினால், உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி சோதனை பற்றிக் கேளுங்கள் அக்கா. போயெம் என்பது வாய் வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமராக் கருவியை விட்டு, உள்ளிருந்தே அந்தத் தசையை வெட்டிவிடுவது. வெளியே தழும்பு இருக்காது. ஜப்பானில் டாக்டர் ஹருஹிரோ இனோவே 2008இல் இதை முதலில் மனிதருக்குச் செய்தார்.

பினாங்கிலிருந்து ஒரு ஹவுஸ்மேன் (புதிதாகப் பட்டம் பெற்ற டாக்டர்): எண்டோஸ்கோப்பி நன்றாகத் தெரிந்தால் போதாதா சார்?

போதாது தம்பி. சாதாரண எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய்க்குள் இருப்போம். இதில் குழாயின் சுவருக்குள்ளேயே போகிறோம். நீலச் சாயம் கலந்த உப்புநீரை ஊசியால் ஏற்றினால் உள்தோல் கொப்புளம்போல் எழும்பும். அதைக் கீறி நுழைந்து, தோலுக்கும் தசைக்கும் நடுவே இரைப்பை வரை சுரங்கம் போடுவோம். ஒரு பக்கம் வெள்ளைத் தசை இழைகள், மறுபக்கம் மெல்லிய உள்தோல், நடுவே சிலந்தி வலை போன்ற நீல இழைகள். கத்தி எப்போதும் தசைப் பக்கம்தான் திரும்பியிருக்க வேண்டும்.

கற்பவர்கள் முதலில் பார்த்துப் பழகுவார்கள். அப்புறம் பன்றியின் உணவுக்குழாயில் பயிற்சி. அங்கே நான் முதல் நாளே உள்தோலை ஓட்டை போட்டுவிட்டேன். என் ஆசிரியர் திட்டவில்லை. கத்தியை வாங்கி வைத்துவிட்டு, அந்த ஓட்டையைக் கிளிப் போட்டு மூடச் சொன்னார். இன்று என் மாணவர்களுக்கும் மூடுவதைத்தான் முதலில் சொல்லித் தருகிறேன். வெட்டுவது எளிது. ரத்தம் வந்தால் நிறுத்தத் தெரியாதவர் கையில் கத்தியைத் தரக்கூடாது.

செந்தூல் வாசகர்: எத்தனை கேஸ் செய்தால் கை தேறும்?

ஆய்வுகள் 20 முதல் 60 வரை சொல்கின்றன. அரிய நோய் என்பதால் அவ்வளவு நோயாளிகள் கிடைப்பதே கஷ்டம். அதனால் ஒவ்வொரு மருத்துவமனையும் தனியாகத் தொடங்காமல், சில மையங்களில் நோயாளிகளைச் சேர்த்துப் பயிற்சி தருவதே சரி என்று நினைக்கிறேன்.

இன்னொரு வாசகர்: அப்பாவுக்குப் பயிற்சியில் இருக்கும் டாக்டர் போயெம் செய்வார் என்றால் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. ஆரம்ப கேஸ்களில் அனுபவமுள்ளவர் பக்கத்திலேயே நின்று, தேவைப்பட்டால் கைமாற்றி வாங்கிக்கொள்வார். “எத்தனை செய்திருக்கிறீர்கள், கூட யார் நிற்பார்?” என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்படமாட்டார்.

பிறகு நெஞ்செரிச்சல் வருமா?

வரலாம். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது போயெம் செய்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத்தால் உணவுக்குழாயில் புண் இருந்தது. வயிற்றில் சிறு துளைகள் போட்டு அதே தசையை வெட்டும் லேப்ராஸ்கோப்பி முறையில் 29 சதவீதம். மாத்திரை உதவும், ஆனால் தொடர் பரிசோதனையை விடாதீர்கள்.

சிகிச்சைக்கு முந்தைய நாள் கஞ்சி குடிக்கலாமா?

கூடாது அம்மா. தேங்கிய உணவு மயக்கத்தின்போது நுரையீரலுக்குள் போய்விடலாம். டாக்டர் சொன்ன நாளிலிருந்து தெளிந்த நீராகாரம் மட்டும். கஞ்சி அதில் சேராது.