மொழி கற்பவர்கள் சேர்ந்து சொல் தொடர்பு விளையாட்டை எப்படி ஆடுவது?

நான்கைந்து பேர் போதும். எட்டுப் பேரானால் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். ஒருவர் 'மழை' என்றால் அடுத்தவர் 5 நொடிக்குள் 'குடை' என்பதுபோல, அதோடு தொடர்புள்ள சொல்லைக் கற்கும் மொழியிலேயே சொல்ல வேண்டும். புதியவர்களுக்கு 10 நொடி கொடுக்கலாம்.

ஆட்டம் பெரும்பாலும் கெடுவது, எல்லாரும் தெரிந்த பெயர்ச்சொற்களையே சுற்றிவருவதால்தான். 'மேசை, நாற்காலி, கதவு' என்று போனால் புதிதாக எதுவும் ஏறாது. எனவே இரண்டாம் சுற்றில் வினைச்சொற்கள் மட்டும் என்று வையுங்கள். தொடர்பு புரியாதவர் 'ஏன்?' என்று கேட்கலாம். சொன்னவர் முழு வாக்கியத்தில் விளக்க வேண்டும். உண்மையான பேச்சுப் பயிற்சி அந்த விளக்கத்தில்தான் இருக்கிறது, சொல்லில் அல்ல.

நடுவில் உச்சரிப்பைத் திருத்தாதீர்கள், வேகம் செத்துவிடும். ஒருவர் பிழைகளையும் புதுச் சொற்களையும் குறித்துக்கொண்டு சுற்று முடிந்ததும் சொல்லட்டும். மறுநாள் முதல் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு முந்தைய நாள் சொற்சங்கிலி முழுவதையும் நினைவுகூர்ந்து பாருங்கள்.